அமலதாஸ் சார் காரில் இருந்த வால்வு

அமலதாஸ் சார் போய்விட்டார். நேற்று விடியற்காலை, பொம்மிடியில் அவர் வீட்டிலேயே. ஹார்ட் அட்டாக்.

காரிமங்கலம் பக்கம் எங்கள் ஸ்கூலில் படித்தவர்களுக்கு அவரைத் தெரியும். மற்றவர்களுக்கு... கெமிஸ்ட்ரி சார். நான் அங்கே மேத்ஸ். ஸ்டாஃப் ரூமில் அவர் மேஜையும் என் மேஜையும் ஒட்டியே இருக்கும்.

கண்ணீர் அஞ்சலி என்று ஒரு வரி போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம் என்றுதான் நேற்று மதியம் வரை நினைத்திருந்தேன். முடியவில்லை. 

அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. டீசல் காரைச் சமையல் எண்ணெயில் ஓட்டுவது.

ஹாஸ்டல் கிச்சனில் பூரி சுட்டு மிஞ்சிய எண்ணெய், சந்தையில் போண்டா கடைக்காரர் கீழே கொட்ட இருந்த எண்ணெய், எல்லாவற்றையும் கேனில் வாங்கிப் போவார். காய்ச்சி, தண்ணீர் போக்கி, பழைய வேட்டியில் வடிகட்டித் தெளிய வைப்பார்.

என் கார் அப்பாவுடையது. அவர் ஆசைப்பட்டு வாங்கிய ஒரே வண்டி. அவர் போன பிறகு நான் ஓட்டினேன். பின் சீட்டில் அவர் துண்டு அப்படியே கிடக்கும்.

அதையும் எண்ணெய்க்கு மாற்றித் தருகிறேன் என்றார் சார். அதில் போய் போண்டா எண்ணெயா... முடியவே முடியாது என்றேன்.

"என்னங்க மிஸ், என் வண்டியிலயே ஊத்தி ஓட்டிட்டு இருக்கறேன். உங்க வண்டிக்கு மட்டும் என்னங்க ஆயிரும்?"

தன் காருக்கு அழைத்துப் போய், ஸ்டீயரிங் பக்கத்தில் மாட்டியிருந்த பித்தளை வால்வைக் காட்டினார். அதைப் பார்த்துத்தான் ஒத்துக்கொண்டேன். மறுபடியும் சொல்கிறேன், அதைப் பார்த்துத்தான்.

என் கார் டிக்கியில் எண்ணெய்க்குத் தனி டேங்க் வைத்தார். அதே மாதிரி ஒரு வால்வு. பங்க் டீசலில் ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் வால்வைத் திருப்பினால் எண்ணெயில் ஓடும். வண்டியை நிறுத்துவதற்கு முன்னால் மறுபடி டீசலுக்குத் திருப்பிவிட வேண்டும். மறந்தால் எண்ணெய் குழாயிலேயே தங்கி, குளிரில் உறைந்துவிடும்.

சாயங்காலம் ஸ்கூல் விட்டதும் அவர் முன்னால், நான் பின்னால். ஹைவேயில் கொஞ்ச தூரம் போனதும் ஜன்னல் வழியே வலது கையை நீட்டி, காற்றில் எதையோ திருகுவது போலக் காட்டுவார். நான் திருப்புவேன். தர்மபுரியில் பொம்மிடி ரோட்டுக்குப் பிரியும்போது மறுபடி அதே கை. டீசலுக்கு மாற்றிக்கொண்டு நான் இண்டூரில் என் வீட்டுக்குப் போவேன்.

"மிஸ் வண்டி போண்டா சுடுது" என்று பிள்ளைகள் கத்துவார்கள். எனக்கும் சிரிப்பு வரும். உங்கள் வண்டியில் வாசனையே வருவதில்லையே சார் என்று ஒரு நாள் கேட்டேன்.

"உங்க வண்டி வாசனையில என் வண்டி வாசனை எப்பிடிங்க தெரியும்?" என்றார். அதையும் நம்பினேன், லூசு மாதிரி.

ஒரு மார்கழிக் காலை கார் ஸ்டார்ட் ஆகவில்லை. இருமி இருமி நின்றுவிட்டது. மெக்கானிக் கழற்றிப் பார்த்தார்.

"மெழுகாட்டம் அடைச்சிருக்குதுங்க மேடம். பம்பே போயிருச்சு. இந்தப் பழைய வண்டிக்கு இனி பம்பு கெடைக்காதுங்க."

சாரிடம் சொன்னேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. "முந்தின நாள் டீசலுக்கு மாத்தாம ஆஃப் பண்ணியிருப்பீங்க மிஸ்."

"மாத்தினேன் சார். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"மறந்திருப்பீங்க. எனக்கு ஒரு நாளும் இப்பிடி ஆவலையே மிஸ்?"

 அவர் வண்டி ஓடுகிறது, என் வண்டி நிற்கிறது. அப்படியானால் தப்பு என் மேல்தானே...

பழைய இரும்புக்காரர் காரைக் கட்டி இழுத்துப் போனபோது அம்மா, "உங்கப்பா இருந்திருந்தா இப்பிடி வுட்டிருப்பாராடி?" என்றார். துண்டை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து கேஸை மூடினேனா, கதவைப் பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிற ஆளாகிவிட்டேன். இன்றுவரை.

நேற்று மதியம் பொம்மிடி போனேன். ஷாமியானா போட இடம் விடாமல் அவர் கார் வாசலில் நின்றது. மகன் பெங்களூரிலிருந்து வந்து சேரவில்லை. அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா சாவியை என் கையில் கொடுத்தார். "நீங்க ஓட்டுவீங்கல்ல மிஸ், கொஞ்சம் நவுத்தி வுடுங்க."

ஸ்டார்ட் செய்தேன். டீசலில் இருக்கிறதா என்று பார்க்க, பழக்கத்தில் கை அந்தப் பித்தளை வால்வுக்குப் போனது. தொட்டதும் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

குனிந்து பார்த்தேன். பின்னால் ஒரு குழாய் கூட இல்லை. சும்மா ஸ்க்ரூ போட்டு மாட்டி வைத்திருக்கிறார். டிக்கியைத் திறந்தேன். ஸ்டெப்னி, ஒரு குடை. அவ்வளவுதான்.

"எண்ணெய் டேங்க் எங்கக்கா?"

"இதுலயா? இதுக்கு எப்பவும் பங்க் டீசல்தானுங்க மிஸ். பையன் வாங்கிக் குடுத்த வண்டி, பாழாயிரும்பாரு. எண்ணெய் எல்லாம் மிஸ் வண்டிக்குத்தான்னு சொல்லுவாரு... உங்களுக்குத் தெரியாதுங்களா?"

பாவம், அக்கா அழுதுகொண்டே சொன்னார். எனக்குத் தெரியாது என்பது அவருக்கும் தெரியாது.

உள்ளே ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாரின் கைகளைச் சேர்த்து வைத்து, விரல்களில் ஜெபமாலை சுற்றியிருந்தது. அந்த வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சோதித்துப் பார்க்க என் அப்பா வண்டிதான் கிடைத்ததா சார்? தெரிந்துகொண்டே என்னைப் பார்த்து "மறந்திருப்பீங்க" என்று எப்படிச் சொல்ல முடிந்தது?

இன்று சாயங்காலம் அடக்கம். அவரிடம் படித்தவர்கள் அவசியம் போங்கள். நன்றாகப் பாடம் எடுத்தவர், அதில் பொய் இல்லை. நான் போகவில்லை. அவர் பின்னால் போனது போதும்.

காலையில் அம்மாவிடம் சொன்னேன். அன்றைக்கு மாத்தினேம்மா, நான் மறக்கலை என்று.  அம்மா உள்ளே போய் அப்பா துண்டை எடுத்து வந்து என் மடியில் வைத்தார்.

போய் வாருங்கள் சார். அன்று நான் டீசலுக்கு மாற்றித்தான் வண்டியை நிறுத்தினேன்.