உலகம்மாளின் பிரகடனம்

“எம் மவ கை பீடியத் தொடாது. தொட்டா எம் பேர மாத்திக் கூப்பிடுங்க!”

1961இல் தென்காசிப் பீடிக்கடை வாசலில் உலகம்மாள் வெளியிட்ட பிரகடனம் இது. மகள் குழல்மொழி அப்போது ஐந்தாம் வகுப்பில் முதல் மாணவி. தாயோ தினம் ஆயிரம் பீடி சுற்றி, நாட்டின் புகைவளத்தைப் பெருக்கிவந்தாள். வீட்டில் உட்கார்ந்து செய்வது வேலையாகுமா? “எம் பொண்டாட்டி சும்மாதான் இருக்கா” என்று கணவன் ஊரெல்லாம் பெருமையடித்தான்.

இரண்டே வருடத்தில் உலகம்மாளின் விரல்கள் மரத்துப்போயின. சுற்றிய பீடியின் வாயை அழுத்தி மடக்க முடியவில்லை. கடைக்காரர் பாதியைக் கழித்துக் கட்டினார்.

“ஏ உலகம்மா, நாளைக்கும் இப்படிக் கொண்டாந்தா ஒனக்குச் சுத்த பீடி இலை கிடையாது.”

“ஒரு வாரம் பொறுங்க அண்ணாச்சி.”

“எதுக்குப் பொறுக்கணும்? சின்ன விரலுதான் வாய நல்லா மடக்கும். ஒன் வீட்டுல பத்து விரல் சும்மா பள்ளிக்கூடம் போவுதே!”

மறுநாள் பள்ளிக்கூட மணி அடித்தது. குழல்மொழி பையோடு வாசற்படியில் நின்றாள். உலகம்மாள் பீடி முறத்தை அவள் பக்கம் நகர்த்திவைத்தாள்.

“நீ சுத்த வேண்டாம்ட்டி. வாய மட்டும் மடக்கிக் குடு.”

பிறகு மகளின் தோளிலிருந்த பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.