செத்த கிருமிகள்

எங்கள் அறிவியல் டீச்சருக்குப் பல்செட் என்றுதான் ஐந்தாம் வகுப்பு மொத்தமும் நம்பியது. அவர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். சிரித்தால் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். அவ்வளவு வெள்ளையான பல் கழற்றி மாட்டுகிறதாகத்தான் இருக்க வேண்டும் என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம். அவர் தும்மும்போதெல்லாம் இப்போது விழும், இப்போது விழும் என்று முதல் பெஞ்சில் காத்திருந்தவள் நான். டிவியில் வருகிறவர்கள் முகத்துக்குப் போடுவதுபோலப் பல்லுக்கும் பவுடர் போடுகிறார்கள் என்பது எங்கள் இன்னொரு கண்டுபிடிப்பு.

தர்மபுரி மாவட்டம் பென்னாகரத்தில் பஸ் ஏறினால் அரைமணி நேரத்தில் வருகிற ஊர் எங்களுடையது. அங்கே எல்லாருக்கும் பல் பழுப்புதான். சிலருக்குக் கோடு கோடாக, சிலருக்குத் திட்டுத் திட்டாக. எனக்கு, அம்மாவுக்கு, மளிகைக் கடைக்காரருக்கு, மணவறையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு. நாற்பதைத் தாண்டிய பெண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். விளைந்த கேழ்வரகுக் கதிர் தலை சாய்வதுபோல மனுஷியும் சாய்வாள் என்று நினைத்திருந்தேன். யாரும் அதை நோய் என்று சொன்னதில்லை. வயசு என்றார்கள், அவ்வளவுதான்.

அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். அந்த வருஷம் தெருவில் இரண்டு மூன்று வீடுகளில் வாந்திபேதி வந்தது. அதே வாரம் பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் நடந்தது. தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்துக் குடிக்க வேண்டும். கிருமிகள் செத்துப்போகும்.

நான் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டேன். காய்ச்சாத தண்ணீரைத் தொடமாட்டேன் என்று இரண்டு நாள் ரகளை செய்தேன். நாள் முழுக்கத் தக்காளி பறித்துவிட்டு வந்து, இருக்கிற விறகில் சோறாக்குவதா, தண்ணீர் காய்ச்சுவதா என்று அம்மா கத்தினாள். மூன்றாம் நாள் காய்ச்சினாள். கொதி வந்ததும் இறக்கப் போனவளை நான் தடுத்தேன்.

"இன்னும் கொதிக்கட்டும்மா. ஒரு சொம்பு வத்தணும். அப்பத்தான் எல்லாம் சாவும்."

ஒரு சொம்பு வற்ற வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. நானே சேர்த்துக்கொண்டது.

சில நாளில் பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு போல வெள்ளையாகப் படிந்தது. அதை நகத்தால் சுரண்டி எடுத்து அம்மாவிடம் காட்டினேன்.

"பாத்தியா? இதெல்லாம் செத்த கிருமி."

அம்மா வாயைப் பிளந்துவிட்டாள். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய், "எம் பொண்ணு சொன்னா, பாருங்க, இத்தன கிருமியத்தான் இத்தன நாளா குடிச்சிக்கிட்டு இருந்திருக்கோம்" என்று காட்டினாள். அவள் பெருமையைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காய்ச்சாத தண்ணீர் தொண்டையில் இறங்கியதில்லை.

கல்லூரிக்குக் கோயம்புத்தூர் போனேன். ஹாஸ்டலில் முதல் வாரமே பக்கத்துக் கட்டில்காரி, "ஏங்க, நீங்க வெத்தலை போடுவீங்களா?" என்று கேட்டாள். பாவம், மரியாதையாகத்தான் கேட்டாள். அன்று சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வாயாகப் பார்த்தேன். எல்லாம் டீச்சரின் பல். இரண்டு மாதம் கழித்து நடந்த பல் மருத்துவ முகாமில் டாக்டர் என்னை வாயைத் திறக்கச் சொன்னார். பெயர்கூடக் கேட்கவில்லை. "தர்மபுரியாம்மா?" என்றார். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், அதனால்தான் இந்தக் கறை, தேய்த்தால் போகாது என்று சொல்லிவிட்டு அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார்.

எனக்கு வந்த கோபம் முழுக்க என் பல்லுக்காகத்தான் வந்தது. இதை இன்று எழுதும்போதும் கூசுகிறது. சிரிக்கும்போது வாயைப் பொத்தப் பழகிக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்ததும் முதல் காரியமாக முன்பற்களுக்கு உறை போட்டுக்கொண்டேன். ஊருக்குப் போனபோது அம்மா என் முகவாயைப் பிடித்துப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்குது. ஆனா வேற யாரு வூட்டுப் பொண்ணோ மாதிரி இருக்குற" என்றாள்.

அதற்குள் எங்கள் தெருவுக்குக் குழாயில் ஆற்றுத் தண்ணீர் வந்திருந்தது. போர்த் தண்ணீர் பல்லைக் கெடுக்கும், இனிமேல் குழாய்த் தண்ணீரைக் குடி என்று அம்மாவிடம் சொன்னேன். அது சப்பென்று இருக்கிறதாம்.

"நாந்தான் காய்ச்சிக் குடிக்கிறனே, அப்பறம் என்னா?" என்றாள்.

நான் அதோடு விட்டுவிட்டேன். பட்டம் வாங்கியவள், வேலை பார்க்கிறவள், ஊர் உலகம் கண்டவள். காய்ச்சித்தானே குடிக்கிறாள் என்று எனக்கும் தோன்றியது. அந்த ஒரு நிமிஷத்தைத் திரும்பப் பிடித்து இழுக்க முடிந்தால் என் கையையே கொடுத்துவிடுவேன்.

போன வருஷம் அம்மாவால் எழுந்து நிற்க முடியவில்லை. அதற்கு முன்பே முதுகு வளைந்திருந்தது. கழுத்து திரும்பாது, பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க உடம்போடு திரும்புவாள். வயசு என்று அவளும் சொன்னாள், நானும் சொன்னேன். அவளுக்கு அறுபதுகூட ஆகவில்லை. சேலத்துக்கு அழைத்துப்போய் எக்ஸ்ரே படம் எடுத்தோம். டாக்டர் அதை விளக்கு முன் பிடித்தார்.

"எலும்பெல்லாம் இறுகிப் போச்சுங்க. தண்ணியால வர்றதுதான். இனிமே நிமிர்த்த முடியாது. வலிக்கு மாத்திரை தர்றேன்."

"நாங்க காய்ச்சித்தானே குடிச்சோம், சார்?"

"காய்ச்சினா கிருமி சாவும். இது உப்பு மாதிரி, போவாது. தண்ணிதான் வத்தும். வத்த வத்த இது கூடத்தான் செய்யும்." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சேர்த்தார்: "அதனாலதான் வந்துச்சுன்னு இல்லைங்க. தண்ணியே அப்படி."

ஆறுதலாகத்தான் சொன்னார். என் காதில் ஏறவில்லை. ஒரு சொம்பு வத்தணும் என்ற பத்து வயதுக் குரல்தான் வழி நெடுகக் கேட்டது. இருபது வருஷத்துக்கு மேல், எத்தனை சொம்பு? படித்த பெண் சொன்னாள் என்று நம்பினாள். உலகம் எனக்குப் பெரிதாகிக்கொண்டே போனது. பல்செட் இல்லை என்று தெரிந்தது, கேழ்வரகுக் கதிர் இல்லை என்று தெரிந்தது. தெரிந்தது ஒவ்வொன்றும் காலம் கடந்து வந்தது. அரைகுறையாகத் தெரிந்த ஒன்றுதான் சரியான நேரத்தில் எங்கள் அடுப்பில் ஏறியது. இதற்கு நான் படிக்காமலே இருந்திருக்கலாம் என்று பஸ்ஸில் அழுதேன். தன் வலியைப் பார்த்து அழுகிறேன் என்று நினைத்து அம்மா என் கையைத் தடவினாள்.

ஒரு மாதம் சொல்லாமல் இருந்தேன். முடியவில்லை. ஒரு மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளின் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பாத்திரத்தில் படிந்தது கிருமி இல்லை, வெறும் உப்பு. காய்ச்சியது தப்பு. வற்ற வைத்தது அதைவிடத் தப்பு. சொன்னது நான். அவள் திட்ட வேண்டும், அடித்தால்கூட நல்லது என்று காத்திருந்தேன்.

"காய்ச்சாம குடிச்சிருந்தா வந்திருக்காதா?"

"அப்பவும் வந்திருக்கும்னுதான் டாக்டர் சொன்னாரு."

"அப்பறம் எதுக்கு அழுவுற?"

அம்மா நாற்காலியோடு மெல்ல நகர்ந்து, உடம்பையே திருப்பி என்னைப் பார்த்தாள். அவள் முகம் மாறியிருந்தது.

"நீயும் அதே தண்ணியத்தான குடிச்சி வளந்த?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"முட்டி வலிக்குதா கண்ணு?"

"இல்லம்மா."

"குந்து."

"அம்மா, சும்மா இரு."

"குந்துன்னா குந்து. கைய ஊனாம எந்திரி, பாக்கலாம்."

குந்தினேன். தினமும் காலையில் குளியலறையில் குழாயைப் பிடித்துக்கொண்டுதான் எழுகிறேன் என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எழ முயன்றேன். பாதி உயரத்தில், என்னைக் கேட்காமலே வலது கை தரையைத் தேடிப் போய் ஊன்றிக்கொண்டது.

அம்மா பார்த்துவிட்டாள். சேலத்தில் படத்தைக் காட்டியபோது கண் கலங்காதவள், அன்றைக்கு வாய்விட்டு அழுதாள்.