அம்மாவின் டார்ச்சில் நான் செய்த திருத்தங்கள்

அம்மா டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வருவாள். சாயங்காலம் கீழ்க்காட்டில் கொழுந்து எடை போட்டு முடிந்ததும், கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளைக் கட்டித் தலையில் ஏற்றிக்கொள்வாள். ஒரு கை கட்டைப் பிடித்திருக்கும், இன்னொரு கையில் தடி. மிச்சமிருப்பது வாய்தான். குன்னூர் பஜாரில் வாங்கிய அந்தப் பச்சை பிளாஸ்டிக் டார்ச்சின் வால்பக்கம் முழுக்கப் பல் தடம்.

இதை நான் கவனித்ததே டிப்ளமா முடித்து, நாலைந்து இடத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, எஸ்டேட் லைன் வீட்டில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்த மழைக்காலத்தில்தான். எலெக்ட்ரிக்கல் அண்டு எலெக்ட்ரானிக்ஸ். எங்கள் குடும்பத்தில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் லைனில் எனக்கு ஒரு பதவி உண்டு. மாத்திரை அட்டையில் என்ன எழுதியிருக்கிறது, டிவி ஏன் கோடு கோடாக வருகிறது, பேங்கிலிருந்து வந்த மெசேஜ் நிஜமா திருட்டா, எல்லாம் என்னிடம்தான் வரும். தெரியாது என்று ஒருமுறைகூட நான் சொன்னதில்லை. படித்தவன் தெரியாது என்று சொன்னால், அப்புறம் எதற்குப் படித்தான் என்று ஆகிவிடுமே.

அந்த வருஷம் ஒற்றைக் காட்டெருமை ஒன்று எங்கள் பாதையைப் பிடித்துக்கொண்டது. அடுத்த லைனில் ஓர் அக்காவை இடித்துத் தள்ளியதில் இடுப்பெலும்பு உடைந்து அவர் கட்டிலில் கிடந்தார். அம்மாவின் டார்ச்சோ மூன்றடிக்கு மேல் வெளிச்சம் தள்ளாது. நடுவழியில் அணைந்தும் போகும். இரண்டு கடி கடித்தால் மறுபடி எரியும் என்று அம்மா அதற்கு வைத்தியம் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

நான் இதைத் திருத்துவது என்று முடிவு செய்தேன். நெற்றியில் கட்டும் லைட்டாக மாற்றிவிட்டால் இரண்டு கையும் வாயும் சும்மா இருக்கும். நோட்டில் படம் வரைந்து, ரெக்கார்டு நோட்டுப் பழக்கத்தில் மேலே ‘நோக்கம்’ என்று எழுதி ஸ்கேல் வைத்து அடிக்கோடும் போட்டேன். பஜாரில் எலெக்ட்ரிக் கடை பாயிடம் போய் ஒரு வாட் எல்இடி கேட்டேன்.

“எதுக்கு தம்பி?”

“ஒரு புராஜெக்ட் பாய்.”

“காலேஜுக்கா?”

“இல்ல, எங்கம்மாவுக்கு.”

பாய் கண்ணாடி அலமாரியைக் காட்டினார். “புது டார்ச்சே இருக்குது தம்பி. இதவிட சல்லிசா முடியும்.”

புது டார்ச் வாங்குவதற்கு டிப்ளமா எதற்கு? எல்இடியோடு திரும்பினேன்.

சால்டரிங் அயர்ன் இல்லை. ஸ்க்ரூடிரைவரை விறகடுப்பில் பழுக்கக் காய்ச்சி டார்ச்சின் மூஞ்சியில் ஓட்டை போட்டேன். அதே நுனியால் ஈயத்தை உருக்கி ஒயரையும் ஒட்டினேன். உள்ளே வீங்கிக் கிடந்த பேட்டரியைத் தூக்கிவிட்டு அப்பாவின் பழைய பட்டன் போனின் பேட்டரியை வைத்தேன். அந்த எல்இடி நன்றாகச் சூடாகும், அதன் முதுகில் ஓர் அலுமினியத் தகடு வேண்டும். தேடிப்போனபோது சமையலறையில் ரசச் சட்டியின் மூடி கண்ணில் பட்டது. கட்டுவதற்குத் தங்கச்சியின் பழைய ஸ்கூல் பேக்கிலிருந்து ஒரு வார், பக்கிளோடு.

“அண்ணா, மூடி எங்க?” என்றாள் தங்கச்சி.

“அது ஹீட் சிங்க் ஆயிருச்சு.”

“அப்ப ரசத்த எதுல மூடறதுன்னு உம் புக்குல போட்டிருக்குதா?”

மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மாவின் முன்னால் அதை நெற்றியில் கட்டிக்கொண்டு நின்று சுவிட்சைப் போட்டேன். எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த காலண்டரின் பொடி எழுத்துகூடத் தெரிந்தது. அம்மா பார்த்தாள். சிரிப்பு வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“இத எங்கடா மாட்டறது?”

“நெத்தியிலம்மா. ரெண்டு கையும் ஃப்ரீயா இருக்கும்.”

“வெறகு?”

“வெறகு தலையி...” என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டேன்.

“சும்மாடு வெச்சு கட்ட ஏத்துனா குச்சி கண்ணு வரைக்கும் தொங்கும். பளிச்சுன்னு லைட்டு எரியும், குச்சிக்கு!”

இருபத்திரண்டு வருஷமாக அந்தத் தலையில் விறகைப் பார்த்தே வளர்ந்தவன் நான். நோட்டைத் திறந்து பார்த்தேன். நான் வரைந்திருந்த தலைமேல் ஒன்றுமே இல்லை.

“சரி, நீயே மாட்டிக்க. சாயங்காலம் எனக்கு எதுக்க வா” என்று சொல்லிவிட்டு அம்மா டார்ச் இல்லாமலே போனாள்.

சாயங்காலம் மூடுபனி சீக்கிரமே இறங்கிவிட்டது. லைட்டை நெற்றியில் கட்டிக்கொண்டு பாதையில் இறங்கிச் சுவிட்சைப் போட்டேன். முன்னால் ஒரு வெள்ளைச் சுவர் எழுந்து நின்றது. என் வெளிச்சம் முழுவதும் என் கண்ணுக்கே திரும்பி வந்தது. தலையைத் திருப்பினால் சுவரும் கூடவே திரும்பியது. என் கால் எனக்குத் தெரியவில்லை. ஒளிச்சிதறல் பற்றிப் படம் போட்டுப் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவன் நான். அணைத்துவிட்டாவது நடந்திருக்கலாம். அணைத்தால் தோற்றதாகிவிடும் என்று, சுவரைத் தள்ளிக்கொண்டே நடந்து, தேயிலை ஓரத்து வடிகால் கானில் மூஞ்சி குப்புற விழுந்தேன்.

பக்கிள் தெறித்துவிட்டது. எழுந்தபோது வாரின் ஒரு நுனி கையில் இருந்தது, டார்ச் என் முழங்கால் உயரத்தில் தொங்கியது. சட்டென்று பாதை தெரிந்தது. கல், சேறு, புல் எல்லாம். அப்புறம் பத்தடி தள்ளி, வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி நான்கு கால்கள். அதற்கு மேலே வெறும் பனி.

அந்தக் கால்களுக்கு அப்பால், கீழே, அம்மாவின் இருமல் கேட்டது. வெளிச்சமே இல்லாமல் ஏறி வருகிறாள். அவளுடைய டார்ச் என் கையில்.

“அம்மா, நில்லு! வராத!”

“ஏன்டா?”

“காட்டெரும! நடுவுல நிக்குது!”

இருமல் நின்றது. “எந்தப் பக்கம் பாத்து நிக்குது?”

“தெரியலம்மா. காலு மட்டுந்தான் தெரியுது.”

“காலப் பாத்தா தெரியாதா? குளம்பு மொகம் எந்தப் பக்கம்?”

குனிந்து பார்த்தேன். மோட்டார் எந்தத் திசையில் சுற்றும் என்று இடக்கை விரல்களை விரித்தே சொல்லிவிடுவேன். மாட்டுக் கால் எந்தத் திசையில் போகும் என்று எந்த செமஸ்டரிலும் வரவில்லை. குளம்பின் நுனி கீழ்ப்பக்கம், அம்மா இருக்கும் பக்கம் பார்த்திருந்தது.

“ஒன்னப் பாத்துதாம்மா!”

தொப்பென்று விறகுக்கட்டு விழும் சத்தம். வாரில் தொங்கிய டார்ச் ஆடியது. அந்த நான்கு கால்களும் ஆடுவதுபோல் இருக்கவே, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன்.

“போ சாமி” என்று அம்மாவின் குரல் வந்தது, பக்கத்து வீட்டு ஆளிடம் பேசுவதுபோல. “எம் பிள்ள அந்தப் பக்கம் நிக்கிறான். போ சாமி.”

ஒரு காலைத் தூக்கி முன்னால் வைத்தது. அம்மா பக்கமாக. இன்னொரு கால். அப்புறம் நான்கும் பக்கவாட்டில் திரும்பித் தேயிலைக்குள் இறங்கின. கிளைகள் ஒடியும் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போனது.

“அம்மா?”

டார்ச்சைக் கீழ்ப்பக்கம் திருப்பினேன்.

“அம்மா!”

வெளிச்சத்துக்குள் சேறு அப்பிய இரண்டு கம்பூட்ஸ் வந்து நின்றன.

“கத்தாத. கானுக்குள்ள எறங்கி நின்னேன்.” சேறு அப்பிய என் மூஞ்சியைப் பார்த்தாள். “நீயும் எறங்கியிருக்க.”

டார்ச்சை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “லைட்டு நல்லாத்தான்டா இருக்கு.” கொழுந்து எடுக்கும்போது இடுப்பைச் சுற்றிக் கட்டும் சாக்குப் படங்கின் கயிற்றில் அதைச் செருகிக்கொண்டாள். வெளிச்சம் நேராகப் பாதையில் விழுந்தது. விறகை நான் தூக்குகிறேன் என்றேன். நீ விழுந்த வரைக்கும் போதும் என்று கட்டைத் தன் தலையிலேயே ஏற்றச் சொன்னாள்.

முன்னால் அவள் போனாள். பின்னால் நான், இரண்டு பக்கத் தேயிலையையும் பார்த்துக்கொண்டே ஏறினேன். லைன் விளக்குகள் தெரிந்த பிறகுதான், வழி முழுக்க அவளுடைய படங்கின் நுனியைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறேன் என்று தெரிந்தது. தங்கச்சி கதவைத் திறப்பதற்குள் கையை எடுத்துவிட்டேன்.