மொட்டைக்கு மொட்டை

என் தம்பியைக் கழுதைமேல் ஏற்றிய நாட்டாமையை அதே கழுதைமேல் ஏற்றிப் பார்க்க வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். மற்றப் பெண்கள் அம்மனிடம் என்னென்னவோ வேண்டிக்கொள்வார்கள். நான் கண்ணை மூடினால் அந்த ஆளின் மொட்டையடித்த தலைதான் தெரியும்.

எங்கள் ஊர் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில். ஒரு சாரல் நாளில் அம்மன் கோவில் குத்துவிளக்கு காணாமல் போனது. அன்று விடிகாலையில் தம்பி அருவியில் குளித்துவிட்டு, ஈரத்துணியை மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு கோவில் வழியாக வந்தானாம். அவ்வளவுதான் சாட்சி. நாட்டாமை ஊரைக் கூட்டித் தீர்ப்புச் சொன்னார். தம்பிக்கு மொட்டையடித்து, கரியாலும் காவியாலும் முகமெல்லாம் புள்ளி குத்தி, கழுதையில் உட்காரவைத்து, தமுக்கடித்துக் குற்றாலம் வரைக்கும் கொண்டுபோனார்கள். சீசன் நேரம். குளிக்க வந்த வெளியூர்க் கூட்டம் ஏதோ கூத்து என்று நினைத்துக் கைதட்டியது. அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும் எனக்கு.

அந்த வாரமே விளக்கு தென்காசிப் பாத்திரக்கடையில் அகப்பட்டது. விற்றவன் நாட்டாமையின் மச்சினன். வேலியே பயிரை மேய்ந்த கதை. மச்சினனுக்கு மொட்டையும் இல்லை, புள்ளியும் இல்லை. எங்கள் வீட்டுக்கு மட்டும் நாட்டாமை ஆள் அனுப்பினார்.

"நடந்தது நடந்துபோச்சு. பயல கோவிலுக்கு வந்து திருநீறு வாங்கச் சொல்லுதாரு. ஊரோட சேத்துக்கிடுவாராம்."

எங்கள் ஊர் வழக்கம் அது. தண்டனை பெற்றவன் நாட்டாமை கையால் திருநீறு வாங்கினால் குற்றம் கழிந்தது என்று அர்த்தம். செய்யாத குற்றத்தை எங்கே கொண்டுபோய்க் கழிப்பது? வாங்கித் தொலைத்துவிடு என்றார் அப்பா. தம்பி செங்கோட்டைக்குப் போய் ஒரு மரக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். முடி வளர்ந்த பிறகும் தலையில் துண்டு கட்டாமல் அவன் தெருவில் இறங்கியதில்லை.

நான் விடவில்லை. செங்கோட்டைக்குப் போய் அவனை இழுத்துக்கொண்டு வந்து, தென்காசி வக்கீல் ஒருவரிடம் நிறுத்தினேன். கேஸ் போடலாம் என்றார் வக்கீல். நாட்டாமைக்கு மொட்டையடிப்பார்களா, கழுதையில் ஏற்றுவார்களா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"எம்மா, இப்போ கசையடியையே சட்டத்துலருந்து எடுத்துட்டாங்க. சட்டம் சொன்ன வழியில்லாம ஒரு மனுசன் மேல கை வைக்கக்கூடாதுன்னு அரசியல் சாசனத்துல எழுதியிருக்கு. அது குத்தவாளிக்கும் உண்டும்மா."

"எங்க ஊருக்கு அந்தச் சாசனம் வரலியா அய்யா? எந்தம்பி தலையில கத்தி வைக்கும்போது அது எங்கன போச்சு?"

"அதைக் கேக்கத்தான் கோர்ட்டுக்குப் போறோம்" என்றார்.

ஊர்க்காரன் ஒருத்தன்கூடச் சாட்சிக்கு வரவில்லை. கழுதைக்குச் சொந்தக்காரர் மட்டும் வந்தார், அதுவும் தன் கழுதைமேல் குற்றமில்லை, நாட்டாமை கேட்டுத்தான் கொடுத்தேன் என்று சொல்வதற்காக. அவர் சொன்னதே போதுமானதாக இருந்தது. மாஜிஸ்திரேட் தீர்ப்பு வாசித்தார். கொஞ்சம் அபராதம், அத்தோடு கோர்ட்டு கலையும் வரை காவல். அதாவது அன்று சாயங்காலம் வரை நாட்டாமை கோர்ட்டை விட்டு வெளியே போகக்கூடாது. இதற்கா நான் கோர்ட்டுப் படி ஏறினேன்? நாட்டாமை மீசைக்குள் சிரித்துக்கொண்டே போய் வக்கீல்கள் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எந்திரிங்க, தண்டனையில இருக்கிய" என்றான் டவாலி போட்ட கோர்ட்டுச் சேவகன்.

நாட்டாமை எழுந்து சுவரோரமாக நின்றார். தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அவர் யார் முன்னாலும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. அன்று தென்காசியில் சந்தை, எங்கள் ஊர்ச் சனமெல்லாம் அங்கேதான் இருக்கும். ஓடினேன்.

"நம்ம நாட்டாமை கோர்ட்டுல கைகட்டி நிக்காரு, வந்து பாருங்க!"

கடகப்பெட்டியோடு பெண்கள் வந்தார்கள். அண்ணாச்சிமார் வந்தார்கள். ஜன்னல் கொள்ளாத கூட்டம். ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஜன்னல் ஜன்னலாகப் பரவியது. நாட்டாமை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். எனக்குத் தேன் குடித்தது போல இருந்தது.

தம்பி என் கையைப் பிடித்தான். "போதும்க்கா, போயிருவோம். பாக்க முடியல."

"இதுக்குத்தாம்லே உன்னக் கூட்டியாந்தேன். நல்லாப் பாரு."

மாஜிஸ்திரேட் தலை நிமிர்ந்தார். "காவல்ல வைக்கத்தான் உத்தரவு போட்டேன். வேடிக்கை காட்டுறதுக்கு இல்ல. ஜன்னலைச் சாத்துங்க" என்றார்.

படபடவென்று கதவுகளைச் சாத்தினார்கள். கூட்டம் கலைந்தது. நான் கலையவில்லை. ஒரு பலகையில் இடுக்கு இருந்தது. அதில் கண்ணை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை நின்றேன். நாட்டாமை கால் மாற்றி நின்றது, துண்டால் முகத்தைத் துடைத்தது, எல்லாவற்றையும் பார்த்தேன். தம்பி எப்போது கையை விட்டான் என்று தெரியாது. திரும்பிப் பார்த்தபோது அவன் இல்லை.

அந்த ஆவணியில் எனக்குக் கல்யாணம். தம்பி வரவில்லை. ஆள் விட்டுக் கூப்பிட்டதற்கு, அக்கா மூஞ்சியைப் பார்க்கப் பயமாயிருக்கு என்று சொல்லியனுப்பினான். மணவறையில் உட்கார்ந்துகொண்டு, அதற்கும் சேர்த்து நாட்டாமையைச் சபித்தேன்.