அலையில்லாத ஐந்து நாட்கள்

சென்ற வியாழக்கிழமை காலை கூடுவாஞ்சேரியில் ரயிலுக்காக நின்றிருந்தபோது தொலைபேசி வந்தது. பேசியவர் எங்கள் கல்லூரி இயற்பியல் துறையில் என்னோடு வேலை பார்ப்பவர். "எஸ்தர் மேடம் தவறிட்டாங்க சார். நெஞ்சுவலி." எந்த எஸ்தர் என்று கேட்டுத் தொலைத்தேன். "அதான் சார், அந்த லேசர் விஷயத்துல கோட்டை விட்டாங்களே, அவங்க." எனக்குச் சுருக்கென்றது. அத்தனை ஆண்டுகள் பாடம் நடத்தியவருக்கு மிஞ்சியது இந்த அடையாளம்தானா? அந்தப் பழி அவருக்கு எப்படி வந்தது என்று முழுதாக அறிந்தவன் இப்போது நான் ஒருவன்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

எஸ்தர் எங்கள் துறையிலேயே பாடம் நடத்தியவர், ஊர் திருப்போரூர் பக்கம். அப்பா, அம்மா இருவரும் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். ஊர்ப் பேச்சை ஆய்வுக்கூடத்திலும் விடமாட்டார். என்னைவிட இரண்டே வயது மூத்தவர். கோபம் வந்தால் 'சார்' போய் 'யோவ்' வந்துவிடும். "ஒரு சென்டிமீட்டரப் பாதி பண்ணு சார். அதுல பாதி. அப்படியே பண்ணிக்கினே போனா எங்கனா நிக்கணுமா, வாணாமா?" என்பார். அதற்குமேல் பிரிக்கவே முடியாத ஒரு தூரம் உண்டென்றால், இடம் என்பதே மணல்போலப் பொடிப்பொடியானது. அதை நேராக அளக்க எந்தக் கருவியும் இல்லை. ஆனால் லேசர் ஒளியில் ஓயாத ஒரு நடுக்கமாக அது தெரியலாம் என்று நம்பி, கல்லூரிக் கீழ்த்தளத்தில் கருவி அமைத்தோம். ரயில், லாரி, மின்விசிறி என்று தெரிந்த நடுக்கங்களையெல்லாம் கழித்த பிறகும் ஒன்று மிஞ்சியது.

கணக்கைப் பார்த்தது நான். ஐந்து நாட்கள் மட்டும் அந்த நடுக்கம் இல்லை. கருவி மக்கர் பண்ணியிருக்கும் என்று நானாக முடிவுகட்டி, அந்த ஐந்தையும் தூக்கிவிட்டேன். என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. எஸ்தர் என்னை நம்பிக் கையெழுத்திட்டார். கட்டுரை வெளியானது, நாளிதழில் படம் வந்தது, கல்லூரி பாராட்டு விழாவே ஏற்பாடு செய்துவிட்டது.

விழாவுக்கு முதல் நாள் அவர் மூலப் பதிவுகளைப் புரட்டி, அந்த ஐந்து நாட்களைக் கண்டுபிடித்திருக்கிறார். மறுநாள் காலை என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனார். வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒருவரிடம், "அண்ணாத்த, போன வருசம் மாசிக் கடைசியில கடலு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"அத்த ஏம்மா கேக்குற? அஞ்சு நாளு கொளமாட்டம் கெடந்துச்சு. அலையே இல்ல."

நான் தூக்கியதும் அதே ஐந்து நாட்களைத்தான். இடமே பொடிப்பொடி என்றால் நடுக்கம் எல்லா நாளும் இருந்திருக்க வேண்டும். நாங்கள் பிடித்தது கரையில் மோதும் அலையின் அதிர்வை.

பிற்பகல் விழா. மேடையில் எஸ்தர் எழுந்தார். என் பெயரைச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "எங்க முடிவு தப்பு. கட்டுரைய வாபஸ் வாங்கிக்கிறோம். சரிபார்க்காம கையெழுத்துப் போட்டது நான்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அரங்கில் யாரோ சிரித்தார்கள். நான் எழுந்திருக்கலாம். எழவில்லை.

மாலையில் அவர் முன்னால் போய் நின்றேன். "ஏன் மேடம் என்னைச் சொல்லல?"

"யோவ், பார்க்காம கையெழுத்துப் போட்டது என் தப்பு. அத்த சொல்லிட்டேன். நாள எடுத்தது உன் தப்பு. அத்த நீதான்யா சொல்லணும்."

அடுத்த ஆண்டு எனக்கு வேலை நிரந்தரமானது. அவருக்குத் துறைத் தலைவர் பதவி கடைசிவரை வரவில்லை. கேள்வியை மட்டும் அவர் விடவில்லை. "அப்படி ஒரு தூரம் இருக்குதா இல்லியான்னு தெரியல. தெரியலன்னு சொல்றதுல இன்னா வெக்கம்?" என்று வகுப்பில் சொல்வார். என்னிடம் எப்போதும்போலப் பேசினார், ஒருமுறைகூட நினைவூட்டவில்லை. அதுதான் என்னை வதைத்தது.

வரும் ஜூனில் அதே துறைத் தலைவர் பதவி எனக்கு வருவதாக இருக்கிறது. இதன் ஒரு படியைக் கல்லூரி முதல்வருக்கும் அனுப்பிவிட்டேன், இனி அவர் முடிவு. எஸ்தரிடமிருந்து நான் வைத்திருப்பது "நீதான்யா சொல்லணும்" என்ற அந்த ஒரு பேச்சுதான். அவர் இருந்தபோதே சொல்லியிருந்தால், "இப்பவாச்சும் வாயத் தொறந்தியே" என்று திட்டிவிட்டு டீ வாங்கிக் கொடுத்திருப்பார். அந்தத் திட்டைக்கூட வாங்க வழியில்லாமல் செய்துகொண்டேன்.