சத்தமில்லாமல் ஆடிய ஆட்டம்

பள்ளிக்கூடத்தில் மதிய இடைவேளை. டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு இடது கையால் போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் செய்தி கண்ணில் பட்டது. பழைய கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றைப் புதுப்பித்து மறுபடியும் வெளியிட்டிருக்கிறார்களாம். கூடவே ஒரு படம். மலையடிவாரம், கல்கோட்டை, அதை நோக்கி நடந்து போகும் ஆறு பேர். அந்த ஆறு பேரில் நீலப் போர்வை போர்த்தியிருந்தவளைப் பார்த்ததும் பிசைந்த சோறு கையிலேயே நின்றுவிட்டது.

"இன்னா டீச்சர், வீட்ல ஏதாவது பிரச்சனையா?" என்று பக்கத்தில் இருந்த தமிழ் டீச்சர் கேட்டார்.

"இல்ல டீச்சர். ஒரு கேம் வந்திருக்குது."

அவர் சிரித்துவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டார். நாற்பதைத் தாண்டிய கம்ப்யூட்டர் டீச்சர் ஒரு கேமுக்காகக் கண்கலங்குவாள் என்று யாருக்குத் தோன்றும்? நானும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டேன். ஆனால் அன்று நான் நடத்திய பாடம் எதுவும் எனக்கு நினைவில்லை.

நான் டிகிரி முடித்த வருஷம் செஞ்சி காந்தி பஜாரில் ஒரு துணிக்கடையின் மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் ஒன்று இருந்தது. வீட்டில் வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். சும்மா இருக்காமல் ஏதாவது கோர்ஸ் படி என்று அனுப்பினார்கள். அங்கேதான் அவள் வந்து சேர்ந்தாள். மேல்சித்தாமூர்க்காரி. சமணக் குடும்பம். அவள் நைனா, அதாவது அப்பா, மல்லாட்டை என்கிற நிலக்கடலை வியாபாரம் செய்தார். மூட்டைகள் ஏறி இறங்கும் வீடு என்பதால் அவள் தாவணியில் எப்போதும் லேசாக ஒரு மல்லாட்டைத் தோல் வாசனை இருக்கும். திண்டிவனத்தில் இங்கிலீஷ் லிட்ரேச்சர் படித்தவள். நான் கணக்கு. கம்ப்யூட்டர் பற்றாமல் இரண்டு பேரையும் ஒன்றிலேயே உட்கார வைத்தார் சென்டர் நடத்திய சார்.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் அந்த விளையாட்டு இருந்தது. சென்னையிலிருந்து ஒரு சிடி கொண்டுவந்து சார் தனக்காக ஏற்றி வைத்திருந்தார். "ப்ராக்டிகல் முடிச்சிட்டா ஆடிக்கோங்கம்மா, ஆனா எதையும் அழிச்சிடாதீங்க" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போய்விடுவார். அவர் திரும்பி வரும் வரை மதியம் முழுக்க எங்களுடையது.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இப்படிச் சொல்லலாம். நாமே ஒரு ஆளை உருவாக்கிக்கொள்ள வேண்டும். எனக்கு வாள் பிடித்த ஒருத்தி. அவளுக்கு, காயத்தை ஆற்றும் மந்திரம் தெரிந்த நீலப் போர்வைக்காரி. போகிற வழியில் இன்னும் நாலு பேர் வந்து சேர்ந்துகொண்டார்கள். காடு, சதுப்பு, பாழடைந்த கோட்டை என்று ஊர் ஊராகப் போவோம். பார்க்கிறவர்களோடெல்லாம் பேசலாம். அவர்கள் பேசுவது திரையின் அடியில் ஒரு பெட்டியில் இங்கிலீஷில் எழுத்தாக வரும். பதிலை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அந்தக் கம்ப்யூட்டரில் ஸ்பீக்கர் கிடையாது. அதனால் அந்த உலகத்தில் எங்களுக்கு ஒரு சத்தமும் இல்லை. மழை பெய்தால் கோடு கோடாக விழும், அவ்வளவுதான். வாளும் வாளும் மோதினாலும் சத்தம் வராது. அவள்தான் அந்தப் பெட்டியில் வருவதைப் படித்துத் தமிழில் சொல்வாள். சும்மா சொல்ல மாட்டாள். ராஜா பேசினால் அவளுடைய பெரியப்பா குரல். சத்திரக்காரன் பேசினால் அவள் வரும் பஸ்ஸின் கண்டக்டர்: "உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் இருக்குது பாரு." கிழவி ஒருத்தி சாபம் கொடுக்கும் இடத்தில் அவள் அத்தையின் குரலை எடுத்தாள் பாருங்கள், சிரித்துச் சிரித்து நான் மவுஸைக் கீழே போட்டுவிட்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு பூதம் வந்து எங்கள் ஆட்கள் அத்தனை பேரையும் அடித்துப் போட்டது.

மவுஸ் என் கையில், வாய் அவளுடையது. ஜன்னலுக்கு வெளியே ராஜகிரிக் கோட்டை மலை வெயிலில் காய்ந்துகொண்டு நிற்கும். கரண்டு போய்விட்டால் அந்த ஜன்னலில் உட்கார்ந்து, அடுத்து எந்த ஊருக்குப் போகலாம் என்று பேசுவோம். பெரிய ஏரியோடு ஒரு ஊர் வந்தது. எங்கள் பக்கத்து ஏரிக்கரை ஊரான பனமலையின் பெயரையே அதற்கு வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த ஊரின் உண்மையான பெயர் எங்கள் இருவருக்கும் மறந்தே போனது.

அவள் வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு யாரும் சாப்பிடுவதில்லை. அதனால் நாலரை மணி பஸ்ஸை விடவே மாட்டாள். ஆட்டத்திலும் அதே வழக்கம்தான். திரை மெல்ல இருட்டத் தொடங்கினால், "ஏய், எல்லாரையும் சத்திரத்துல கொண்டுபோய் வுடு. சாப்ட்டுப் படுக்கட்டும்" என்பாள். பாதிச் சண்டையில்கூடச் சொல்வாள்.

இப்படி ஆடி ஆடி ஒரு மலைக் கிராமத்துக்கு வந்து சேர்ந்தோம். அந்த ஊர்த் தலைவன் ஒரு வேலை சொன்னான். மலைக்கு மேலே ஒரு குகையில் பெண் ஓநாய் ஒன்று இருக்கிறது, அதைக் கொன்றால் கணவாய் திறக்கும். சாரிடம் கேட்டோம். "அந்தக் குகையோட சரிம்மா. அதுக்கு மேல ஒன்னும் இல்ல, கதை முடிஞ்சிடும்" என்றார்.

நான் வாளை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்டீ. அது பாட்டுக்கு அதோட எடத்துல இருக்குது."

"கேம்தானே டீ?"

"கேம்தான். வேற வழி இருக்கும், தேடலாம்."

உயிரைக் கொல்லாத குடும்பம் அல்லவா, அதனால் சொல்கிறாள் என்று நினைத்தேன். இதுவரைக்கும் பூதங்களையும் எலும்புக்கூடுகளையும் வெட்டியபோது அவள் ஒன்றும் சொல்லவில்லையே என்று எனக்குத் தோன்றவில்லை. தேடினோம். பார்த்த ஊர்களுக்கெல்லாம் திரும்பிப் போனோம். பேசியவர்களிடமே மறுபடி பேசினோம். வாரக்கணக்கில் அலைந்தோம். ஒரு வழியும் கிடைக்கவில்லை. அந்த அலைச்சல் எவ்வளவு நன்றாக இருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

திடீரென்று ஒரு நாள் அவள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பிறகு பத்திரிகையோடு வந்தாள். மாப்பிள்ளைக்கு சூரத்தில் துணி மில்லில் வேலை. கல்யாணத்துக்குப் போனேன். பந்தலில் கூட்டம் முண்டியது. என்னைக் கிட்டே இழுத்து, "தனியா ஆடி முடிச்சிடாதடீ" என்று மட்டும் காதில் சொன்னாள். தலையாட்டினேன். அடுத்த வருஷம் எனக்கும் கல்யாணம். சென்டரை மூடிவிட்டார்கள். அந்தக் கம்ப்யூட்டர் எங்கே போயிற்றோ. ஒன்றிரண்டு வருஷம் போனில் பேசினோம். நம்பர்கள் மாறின, அத்தோடு விட்டுப்போயிற்று.

செய்தியைப் பார்த்த அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையே விளையாட்டை வாங்கி லேப்டாப்பில் இறக்கினேன். காலையில் ஆரம்பித்தது, இடையில் கரண்டு போய், நெட் போய், சாயங்காலம்தான் முடிந்தது. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "ஸ்கூல் வேலையா?" என்றார். "இல்ல, எனக்கு" என்றேன். அவர் காபி வைத்துவிட்டுப் போனார்.

திறந்ததும் இசை வந்தது. அந்த விளையாட்டுக்கு இசை இருந்ததே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். காற்று அடித்தது, குதிரை கனைத்தது, நடந்தால் காலடியில் சருகு நொறுங்கியது. சத்திரத்துக்குள் போனேன். சத்திரக்காரன் வாயைத் திறந்து, கனத்த குரலில் அழகான இங்கிலீஷில் பேசினான். நன்றாகத்தான் பேசினான். இவன் யார்? இவனுக்கு எங்கள் கண்டக்டர் குரல் அல்லவா இருக்க வேண்டும்?

சத்தத்தை அணைத்துவிட்டு ஆடினேன். அப்போதும் சரியாக வரவில்லை. எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது, பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அந்த மலைக் கிராமம் வரைக்கும் வந்து நிறுத்திவிட்டேன்.

சில வாரம் கழித்து மேல்சித்தாமூருக்குப் பஸ் ஏறினேன். அவள் வீடு மாறவில்லை. வாசலில் மூட்டைகள் மட்டும் இல்லை. அவளுடைய அண்ணன் இருந்தார். முதலில் என்னை அடையாளம் தெரியவில்லை. கம்ப்யூட்டர் சென்டர் என்றதும், "அட, செஞ்சிப் பொண்ணா! உக்காரும்மா" என்றார். உள்ளே சுவரில் அவர்கள் நைனாவின் படத்துக்கு மாலை போட்டிருந்தது.

"போன தை மாசம் போய்ட்டாரும்மா. தங்கச்சியும் வந்துச்சி. உன்ன விசாரிச்சிச்சி. எங்க கீறியோ தெரியலன்னு சொன்னோம்."

அவள் இங்கே வந்து இருந்திருக்கிறாள். நான் செஞ்சியில், ஒரே பஸ் தூரத்தில், பிள்ளைகளின் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டு இருந்திருக்கிறேன். அண்ணன் நம்பரைக் கொடுத்து மோர் கொடுத்தார். மோரைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

மறுநாள் மதியம் கூப்பிட்டேன். "ஹலோ, கோன்?" என்று அந்த ஊர் பாஷையில் யாரென்று கேட்டது ஒரு குரல். நான் என் பெயரைச் சொன்னேன். அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. பிறகு குழாயை மூடினாள்.

"எங்கடீ போய்த் தொலைஞ்ச நீ?" என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

அழுது, சிரித்து, பிள்ளைகள், புருஷன், நைனா எல்லாம் பேசி முடித்த பிறகுதான் கேம் வந்திருக்கும் விஷயத்தைச் சொன்னேன். ஓநாயைச் சொன்னேன். இன்னும் கொல்லவில்லை, உனக்காகத்தான் அந்த மலைக் கிராமத்தில் நிற்கிறேன் என்றேன்.

அவள் சொன்னாள்: "நான் ஒன்னு சொல்லட்டா? கோவிச்சிக்காத. அது பாவம்னும் நெனச்சேன், இல்லன்னு சொல்லல. ஆனா அப்ப வீட்ல வரன் பேசிக்கினு இருந்தாங்க. கோர்ஸ் முடிஞ்சிடிச்சின்னு நைனாகிட்ட நான் சொல்லவே இல்ல. சார் வேற, குகையோட கதை முடிஞ்சிடும்னாரு. முடிஞ்சிட்டா சார்கிட்டயும் உன்கிட்டயும் இன்னா சொல்லிக்கினு நான் செஞ்சிக்கு வருவேன்?"

இத்தனை வருஷம் அவளை நினைக்கும்போதெல்லாம் ஓநாய்க்கு இரங்கிய ஒருத்தியாகத்தான் நினைத்திருந்தேன். பஸ் ஏறி வந்தது எனக்காக, அந்த ஜன்னலுக்காக என்று எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

அதன் பிறகு சனிக்கிழமை மதியங்களில் வீடியோ கால் போட்டோம். போனை டம்ளர் மேல் சாய்த்து லேப்டாப் திரையைக் காட்டுவேன். சத்தத்தை அணைத்துவிடுவேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிப்பாள். முதல் நாள் தமிழ் தடுமாறியது, நடுவில் குஜராத்தி வந்து விழுந்தது. இரண்டாவது வாரம் ராஜாவுக்குப் பெரியப்பா குரல் வந்துவிட்டது. அவள் சமையலறையில் குக்கர் விசில் அடிக்கும், "இரு, இரு, எங்கயும் போவாத" என்று ஓடுவாள். நானும் எங்கள் ஆறு பேரும் அசையாமல் நிற்போம்.

ஒரு சனிக்கிழமை அவளே, "போலாம்டீ குகைக்கு" என்றாள். "ஆனா நான் கண்ண மூடிக்கிறேன். முடிஞ்சதும் சொல்லு."

போனில் பார்த்தேன். உண்மையாகவே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. நான் ஓநாயோடு சண்டை போட்டேன். கஷ்டமான சண்டை. முடிந்ததும் எனக்கு வெற்றி பெற்ற மாதிரியே இல்லை. "ஆச்சி" என்றேன்.

கணவாய் திறந்தது. கதை முடியும் என்று காத்திருந்தோம். முடியவில்லை. திரை விரிந்துகொண்டே போனது. பனி மூடிய மலைகள், ஒரு ஆறு, துறைமுகம், கப்பல்கள். இதுவரை நாங்கள் சுற்றியதைவிடப் பெரிய ஒரு நாடு அந்தப் பக்கம் கிடந்தது. அந்த ஆட்டம் பல சிடிகளில் வந்தது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். சாரிடம் இருந்தது முதல் சிடி மட்டும்தான்.

அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இவ்ளோ இருந்துச்சா? அடிப்பாவி, இது தெரிஞ்சிருந்தா இன்னும் ஒரு வருஷமாவது ஓட்டியிருப்பேனே" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அந்தப் புது நாட்டில் எங்களால் அதிக தூரம் போக முடியவில்லை. அவள் மாமியார் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. படுக்கையிலேயே எல்லாம் செய்ய வேண்டும். சனிக்கிழமைகள் போயின. சில நாள் வாய்ஸ் மெசேஜ் வரும், மூச்சு வாங்கிக்கொண்டே பேசியிருப்பாள். ஒன்றில் சொன்னாள்: "போன்ல ஆவாது. நீ கெளம்பி இங்க வாயேன். மாடில ஒரு ரூம் சும்மாதான் கிடக்குது."

நான் இதுவரை திருப்பதியைத் தாண்டிப் போனதில்லை. ராத்திரி சாப்பாட்டின்போது வீட்டுக்காரரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அவ்ளோ தூரம் தனியா போவியா?" என்றார். "போவேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "சரி, பெரிய லீவுல போய்ட்டு வா" என்றார்.

சென்னையிலிருந்து சூரத்துக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். வெயிட்டிங் லிஸ்டில் இருக்கிறது. லீவு விட இன்னும் நாள் கிடக்கிறது. ஆனாலும் தினமும் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் முன், செருப்பு மாட்டிக்கொண்டே, லிஸ்டில் எனக்கு முன்னால் எத்தனை பேர் குறைந்திருக்கிறார்கள் என்று போனில் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.