பல்லக்காவின் பலகை

நேற்று மாலை பல்லக்கா தன் பலகையைக் கண்காட்சி அரங்கத்தில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனபோது அங்கே புதர் எதுவும் இல்லை. காலையில் வந்து பார்த்தால் ஒன்று முளைத்திருந்தது.

பச்சை ஸ்பாஞ்சைப் பிய்த்துச் செய்த புதர். பலகையின் மேல் பொம்மை ரயிலுக்கு இரண்டு தண்டவாளங்கள், அவற்றை ஒட்டி நீளமாக ஒரு சுவர், சுவரின் நடுவே செங்கல் பெயர்ந்து ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. அந்த ஓட்டையைத்தான் புதர் அடைத்துக்கொண்டிருந்தது. ஓட்டை வழியாக வந்து தண்டவாளத்தைத் தாண்டிக்கொண்டிருந்த ஆட்களையும் காணோம். சுண்டுவிரலின் முதல் கணு அளவே உயரமுள்ள அந்த மனிதர்களை அவள் குனிந்து தேடினாள். பக்கத்துப் பலகையின் ஸ்டேஷனில், பெட்டியும் தொப்பியுமாக நிற்கும் கனவான்களுக்குப் பின்னால் அவர்களை வரிசையில் நிறுத்தியிருந்தார்கள், ஏதோ தப்புச் செய்துவிட்டு வகுப்புக்கு வெளியே நிற்பவர்களைப் போல.

“யாரு பண்ணினது?” என்றாள்.

ஸ்டேஷன் பலகையின் சொந்தக்காரர் பஸ் டிப்போவில் எலெக்ட்ரீஷியன். நல்ல மனிதர், நல்ல பயந்தாங்கொள்ளி. “தலைவர்தான்க்கா. நேத்து நீங்க கிளம்பினப்புறம். நாங்கல்லாம் வேணாம்னுதான் சொன்னோம்.”

“எவ்ளோ சத்தமாச் சொன்னீங்க?”

அவருக்குத் திடீரென்று ஓர் இன்ஜின் சக்கரத்தைத் துடைக்கவேண்டிய அவசரம் வந்துவிட்டது.

பல்லக்காவுக்குக் காது மடல் சூடேறியது. பொதுவாகக் கோபம் வந்தால் அவள் குரல் ஏறாது, இறங்கும். அவள் வேலை பார்க்கும் லேபில் அது எல்லாருக்கும் தெரியும். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு பொய்ப்பல் செட் செய்து தரும் லேப் அது. இருபது வயதில் எடுபிடியாகச் சேர்ந்தவள், இன்று மெழுகில் பல் நிறுத்துவதில் அவளை விட்டால் ஆள் கிடையாது. பொம்மை ரயில் சங்கத்துக்காரர்கள் அதனால்தான் அவளைப் பல்லக்கா என்றார்கள். வயதில் அவளைவிட மூத்தவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டாள்.

அவள் ரயில் பக்கம் வந்த கதையே வேறு. இதே அரங்கத்தின் கழிப்பறைக்கு டைல்ஸ் ஒட்டும் வேலை அவள் கணவருக்கு ஒரு தடவை கிடைத்தது. அவர் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்க வந்தவள், உள்ளே என்ன கூட்டம் என்று எட்டிப் பார்த்தாள். நாலு பக்கமும் மேசைகள், மேசைகள் மேல் ஊர்கள், ஊர்களுக்குள் ரயில்கள். ஒரு மலையின் முன்னால் அவள் நெடுநேரம் நின்றதைப் பார்த்து, செய்தவர் பெருமையாகப் பக்கத்தில் வந்தார்.

“பிளாஸ்டர்ல காத்துக் குமிழ் விட்டிருக்கீங்க,” என்றாள் அவள். “கலக்கும்போது கிண்ணத்தைத் தட்டிக்கிட்டே இருக்கணும்.”

“அப்ப நீங்களே ஒண்ணு செஞ்சு காட்டுங்களேன்,” என்றார் அவர், சிரித்துக்கொண்டே. அந்த வார்த்தையை அவர் சொல்லியிருக்கக் கூடாது.

வீட்டுக்குப் போய், “நானும் ஒரு லேஅவுட் போடப்போறேன்” என்றாள். கணவர், “நிலமா? எந்தப் பக்கம்?” என்று கேட்டார். ரயில் விடும் பலகை என்று புரிந்ததும் அவருக்குப் பாதி நிம்மதி, பாதி கவலை. சாப்பாட்டு மேசை அன்றோடு போயிற்று. “தட்டை எங்க வைக்கறது, தண்டவாளத்துலயா?” என்று முணுமுணுத்துக்கொண்டே அவரும் மகளும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஆனாலும் பலகைக்குக் கால் அடித்துக் கொடுத்தவர் அவர்தான். தன் ரசமட்டத்தை அதன் மேல் வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்து, “டைல்ஸ்காரன் வீட்டுப் பலகை ஆடுச்சுன்னு வை, என் மானம் போயிடும்” என்பார்.

எந்த ஊரில் கண்காட்சி என்றாலும் பல்லக்கா பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். இன்ஜின்களை அவள் அதிகம் பார்ப்பதில்லை. பார்த்ததெல்லாம் மனிதர்களை. பார்க்கப் பார்க்க எரிச்சல் வந்தது. எல்லா ஸ்டேஷனிலும் கடையில் வாங்கிய அதே ஆட்கள். ஒருவரும் ஓடுவதில்லை, மூட்டை தூக்குவதில்லை, சண்டை போடுவதில்லை. “இவங்கள்லாம் எங்க போறாங்க, கல்யாணத்துக்கா?” என்று கேட்டுவிட்டு, தானே செய்ய ஆரம்பித்தாள். மெழுகில் செதுக்கி, பல் செட்டுக்கு ஊற்றும் பிசினிலேயே வார்த்தாள். அதனால் அவளுடைய மனிதர்கள் பிறக்கும்போது ஈறு நிறத்தில் இருப்பார்கள். பிறகு பெயின்ட் அடித்து மனுஷ நிறத்துக்குக் கொண்டுவரவேண்டும்.

அப்படித்தான் அவள் மெருகுக்காரியையும் செய்தாள்.

மெருகுக்காரி லேபில் பக்கத்து இருக்கை. பல் செட்டுக்கு மெருகு ஏற்றுவது அவள் வேலை, ஓயாமல் பேசுவது அவள் பொழுதுபோக்கு. இரண்டு பேர் வீடும் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், லேப் அந்தப் பக்கம். நடுவில் சுவர். பாலம் எங்கோ தூரத்தில், பஸ் பிடித்துப் போய் ஏறவேண்டிய தூரத்தில். ஓட்டையை ரயில்வேக்காரர்கள் அடைப்பார்கள், ஜனங்கள் உடைப்பார்கள், மறுபடி அடைப்பார்கள். வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளிகள் என்று அந்தப் பகுதியே அந்த ஓட்டை வழியாகத்தான் போய்வந்தது. பனி மூட்டமான ஒரு காலையில் ஒரு வண்டி போகட்டும் என்று இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் காத்திருந்த மெருகுக்காரி, அது போனதும் காலை எடுத்து வைத்தாள். எதிர்ப்பக்கத்து வண்டியை அவள் பார்க்கவில்லை. உயிர் தப்பியது. இடது பாதம் போயிற்று. ரயில்வே அவள் மேல் அத்துமீறல் வழக்குப் போட்டது. லேப் முதலாளி ஆஸ்பத்திரிக்குப் பழக்கூடையோடு வந்து, “உடம்பைப் பாத்துக்கோம்மா” என்றார். திரும்பிப் போய் அவள் இடத்துக்கு வேறு ஆளை எடுத்தார்.

பல்லக்காவுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, வந்தது போகவும் இல்லை. இந்தக் கண்காட்சிக்கு அந்தச் சுவரையும் ஓட்டையையும் அப்படியே செய்வதென்று முடிவு செய்தாள். செங்கல் செங்கலாகச் செய்தாள். தண்டவாளங்களுக்கு நடுவில், தூக்குப் பையோடு, இரண்டு காலோடு மெருகுக்காரியை நிறுத்தினாள்.

சங்கத்தின் வழக்கம் இதுதான். ஆளுக்கொரு பலகை வீட்டில் செய்வார்கள். கண்காட்சியன்று எல்லாப் பலகைகளையும் அரங்கத்தில் வட்டமாக இணைப்பார்கள். வண்டி ஒரு பலகையிலிருந்து அடுத்ததற்கு ஓடிச் சுற்றிவரும். இந்த முறை அரங்கத்தைக் கொடுத்தது ரயில்வே. திறந்து வைக்கப் பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார். அதனால் போன வாரமே சங்கத் தலைவர் பல்லக்காவின் வீட்டுக்கு வந்து பலகையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர். யாருடைய கோச்சைப் பார்த்தாலும் கூரையில் ஆணி எண்ணுவார், ஒன்று குறைந்தால் முகம் சுளிப்பார்.

“வேலைன்னா வேலைதாம்மா, குறையே சொல்ல முடியாது. அந்த ஓட்டையை மட்டும் எடுத்துடுங்க.”

“ஏன் சார், அளவு தப்பா இருக்கா?”

“அளவு கெடக்குது. வர்றவர் யாரு? அவர் மூஞ்சிக்கு நேரா இதைக் காட்டலாமா? ஜனங்களை அத்துமீறச் சொல்லித் தர்ற மாதிரியும் இருக்கு.”

“கூரையில ஒரு ஆணி குறைஞ்சா உங்களுக்குத் தூக்கம் வராது. நாங்க தினம் புகுந்து போற ஓட்டை மட்டும் கண்ணுல படக்கூடாதா?”

“நான் சொல்றதைச் சொல்லிட்டேன்,” என்று எழுந்து போனார். அதோடு விட்டார் என்றுதான் பல்லக்கா நினைத்திருந்தாள்.

இப்போது அவள் புதரை விரலால் கிள்ளிப் பார்த்தாள். நன்றாக ஒட்டியிருந்தது. அப்போதுதான் தண்டவாளத்து ஜல்லியில் அதைப் பார்த்தாள். ஆட்களைப் பிடுங்கிய அவசரத்தில் ஒரு பாதம் உடைந்து அங்கேயே நின்றுவிட்டது. ஸ்டேஷன் பலகையிலிருந்து மெருகுக்காரி பொம்மையை எடுத்துத் திருப்பினாள். இடது கால்.

“எங்கடி நான்?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஊன்றுகோல் தரையில் தட்டும் சத்தத்தோடு மெருகுக்காரியே வந்துகொண்டிருந்தாள். பல்லக்காவின் கணவர் ஆட்டோவில் அழைத்து வந்திருந்தார். “ஊரெல்லாம் சொல்லிட்டு வந்திருக்கேன், எனக்குச் சிலை வச்சிருக்காங்கன்னு.”

பல்லக்கா கையை மூடிக்கொண்டாள். மெருகுக்காரி அந்தக் கையைப் பிடித்து விரலைப் பிரித்தாள். பார்த்தாள். ஜல்லியில் ஒட்டியிருந்த பாதத்தையும் பார்த்தாள்.

“மறுபடியுமா?” என்று சிரித்தாள். வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. டிப்போ எலெக்ட்ரீஷியன் சக்கரம் துடைப்பதை நிறுத்தினார்.

“ஏங்க, அந்தச் சுரண்டியைக் குடுங்க,” என்றாள் பல்லக்கா கணவரிடம். குரல் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. அவர் கால்சட்டைப் பையிலிருந்து டைல்ஸ் சுரண்டியை எடுத்துக் கொடுத்தார். புதர் துண்டு துண்டாக வந்தது. கைப்பையிலிருந்து ஒட்டு மெழுகை எடுத்து, லைட்டரில் கத்தியைக் காய்ச்சி, காலைப் பாதத்தோடு சேர்த்தாள். லேபில் உடைந்த பல்லைச் சேர்ப்பதுபோலத்தான். ஒவ்வோர் ஆளாக எடுத்து வந்து பழைய இடத்தில் ஒட்டினாள்.

“இடுப்பைக் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்டி,” என்றாள் மெருகுக்காரி, குனிந்து பார்த்துவிட்டு.

“உள்ளதைத்தான் செய்ய முடியும். சும்மா இரு.”

தலைவர் அதிகாரியை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார். ரிப்பன் வெட்டினார்கள், கை தட்டினார்கள், இரண்டு தண்டவாளங்களிலும் எதிரெதிராக வண்டிகள் கிளம்பிச் சுற்ற ஆரம்பித்தன. ஒவ்வொரு பலகையாகப் பார்த்துக்கொண்டு வந்த கூட்டம் பல்லக்காவின் முன்னால் நின்றது. ஓட்டையைப் பார்த்ததும் தலைவரின் முகம் செத்துவிட்டது.

அதிகாரியின் முகமோ மலர்ந்தது. “அடடா! அப்படியே இருக்கே!” போனை எடுத்துக் குனிந்து ஒரு படம் எடுத்தார், சுவரோடு சேர்த்துத் தன்னையும் ஒன்று எடுத்துக்கொண்டார். “நம்ம லைன்ல இப்படித்தான். எத்தனை தடவை அடைச்சாலும் உடைச்சிடுவாங்க. இந்த ஜனங்களைத் திருத்தவே முடியாது. பிரமாதம்மா, ரொம்பத் தத்ரூபம்.”

பல்லக்கா அவர் திட்டுவார் என்று நினைத்திருந்தாள். திட்டினால் பதில் சொல்ல வாய் நிறைய வைத்திருந்தாள். “சார், பாலம்...” என்று தொடங்கினாள்.

“பாலமும் ஒண்ணு செஞ்சு வைங்க, நல்லா இருக்கும்,” என்று அவர் நகர்ந்துவிட்டார். தலைவர் பெருமூச்சு விட்டார். போகிற போக்கில் அவள் பக்கம் திரும்பி, கட்டை விரலை வேறு உயர்த்திக் காட்டினார்.

அந்தக் கட்டை விரல்தான் தாங்கவில்லை.

ஒவ்வொரு பலகைக்கும் அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. வண்டி தடம் புரண்டால் பக்கத்தில் இருப்பவர் வட்டம் முழுவதற்கும் மின்சாரத்தை நிறுத்துவதற்கு. வட்டத்தைச் சுற்றிவந்த வண்டி சுவரை நெருங்கியது. பல்லக்கா கையைப் பலகைக்கு அடியில் விட்டாள். இன்ஜின் ஓட்டைக்குச் சற்று முன்னால், மெருகுக்காரிக்கு ஒரு சாண் தள்ளி, நின்றது. அதன் பின்னால் கோச்சுகள் பக்கத்துப் பலகை வரை நீண்டு நின்றன. எதிர் தண்டவாளத்தில் வந்த வண்டியும் நின்றது.

“வண்டி ஓடலைம்மா!” என்று எங்கோ ஒரு குழந்தை கத்தியது. ஆளுக்கு ஆள் தங்கள் பலகைக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள். தலைவர் வேட்டைக்கு வந்தவர்போல ஒவ்வொரு ஒயராகத் தடவிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

“என்ன பல்லக்கா, கரண்ட் போச்சா?”

“இல்ல. நான்தான் நிறுத்தினேன்.”

“எதுக்கு?”

“ஆளுங்க தாண்டறாங்க.”

அவர் பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “அம்மா, அது பொம்மை! ஒட்டி வச்சது! அது எப்பம்மா தாண்டி முடிக்கும்?”

“ஒட்டினது நான்தான், எனக்குத் தெரியாதா? காத்திருங்க.”

“தமாஷ் பண்ற நேரமா இது?” அவர் கையை அடியில் விடக் குனிந்தார். பல்லக்காவின் கணவர் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார், பலகைக் காலின் திருகு ஏதோ தளர்ந்துவிட்டது என்று. சுவிட்ச் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. “கொஞ்சம் இருங்க சார், மட்டம் சரியில்ல” என்றார்.

கூட்டம் சேர்ந்துவிட்டது. கைப்பிள்ளையோடு நின்ற ஒரு பெண் தன் தோழியிடம், “ஏய், இது நம்ம ஓட்டைடி” என்றாள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர் எட்டிப் பார்த்தார்கள். சத்தம் கேட்டு அதிகாரியும் திரும்பி வந்தார்.

“என்ன பிரச்சினை? வண்டி ஏன் நிக்குது?”

தலைவர் வாயைத் திறப்பதற்குள் மெருகுக்காரி ஊன்றுகோலை ஒரு தட்டுத் தட்டி முன்னால் வந்தாள்.

“ஒரு பிரச்சினையும் இல்ல சார். நாங்க தாண்டறதுக்காக வண்டி நிக்குது. இதை நான் ஒருநாளும் பார்த்ததில்ல. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கறேன்.”

அதிகாரி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு ஊன்றுகோலை. பிறகு புடவைக்குக் கீழே தரையைத் தொடாத இடத்தை. இந்தத் தடவை போனை எடுக்கவில்லை.

“சரி, கரண்டைப் போடச் சொல்லுங்க,” என்றார் தலைவரிடம், மெதுவாக.

தலைவர் பல்லக்காவைப் பார்த்தார். பல்லக்கா கைகளைக் கட்டிக்கொண்டு, இன்னும் நகராத அந்தக் குட்டி மனிதர்களைப் பார்த்தபடி நின்றாள்.